ஊர்ப் பணம் நாலு லட்சம்: குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி: பாம்பன்_வடகடல்

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மூன்று ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து இந்த வருடம் ஒரு வசூல் போடுவதாகப் பேச்சு. ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதும், கடலுக்குப் போக டோக்கன் எடுக்கிற ஒவ்வொரு நாளும் விசைப்படகு ஒன்றுக்கு 100 ரூபாய். கமிஷன் கடைகளில் ஒரு தொகை. பாசி எடுக்கும் மகளிர் குழுக்கள் சேமிப்பிலிருந்து கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்கள் வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அனுப்புவார்கள். செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் அதற்குள் முடிக்க எண்ணம். நாலு லட்சம் தேறும்.

கூட்டத்தில் இரண்டு கட்சி. ‘நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துட்டுப் போவோம், ஆராய்ச்சி எல்லாம் அமெரிக்காக்காரன் பார்த்துக்குவான்’ என்கிறது ஒன்று. ‘ஒரு பிள்ளைக்குக் கொடுத்தா அதோட போச்சு, ஆராய்ச்சிக்குன்னா நாளைக்கு வர்ற பிள்ளைக்கும் ஆகும்’ என்கிறது இன்னொன்று.

நான் கேட்பது: நாலு லட்சம் என்பது ஆராய்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு பணமா? யாரிடம் கொடுப்பது? சொன்ன வேலைக்குத்தான் போகிறதென்று எப்படிப் பார்ப்பது? வரிச் சலுகை, வெளிநாட்டுப் பணம், ஜகாத் மூன்றிலும் சிக்கல் வராமல் வாங்குவது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். உபதேசம் வேண்டாம், கணக்கு வழக்கோடு வேண்டும்.

பதில்: தரவுத்தாள்

முதலில் ‘அமெரிக்காக்காரன் பார்த்துக்குவான்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ரத்தப் புற்று வந்த குழந்தைக்கு மருந்தால் நோய் தணியும் என்று காட்டியவர் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், 1948-இல். அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் தணிந்தது. அந்த மருந்தைச் செய்து கொடுத்த லெடர்லி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். பணம் வந்த வழியும் ஊர் வசூல்தான். அதே வருடம் மே மாதம் ‘ஜிம்மி’ என்று பெயர் மாற்றி ஒரு நோயாளிச் சிறுவனை வானொலியில் பேசவிட்டு, அவனுக்கு ஒரு டிவி வாங்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். சேர்ந்தது 2,31,000 டாலருக்கு மேல். ஜிம்மி ஃபண்ட் இன்றும் இருக்கிறது. இங்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அப்படித்தான்: 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில், மாதர் சங்கத்தின் பேரில், மக்கள் கொடுத்த பணத்தில் 12 படுக்கையோடு ஆரம்பித்தது.

ஆராய்ச்சியும் இங்கேயே நடக்கிறது. 1980-களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ரத்தப் புற்றுக்கு எம்.சி.பி.-841 என்ற சிகிச்சை முறையை நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ப வகுத்தன. அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வு ஐசிக்கிள்-ஏ.எல்.எல்.-14. இந்தியாவின் பல மையங்கள் ஒரே முறையில் சிகிச்சை கொடுத்து ஒப்பிடுகிற ஆய்வு. அதில் ஒரு கேள்வி: ஆபத்து குறைந்த பி-செல் வகை ரத்தப் புற்று வந்த சிறு குழந்தைகளுக்கு முதல் கட்டத்தில் ஸ்டீராய்டு 5 வாரம் தேவையா, 3 வாரம் போதுமா? ஸ்டீராய்டு நாட்கள் கூடினால் நோய்த்தொற்று கூடும். நம் ஊரில் குழந்தை சாவது பல நேரம் புற்றால் அல்ல, சிகிச்சை நடுவே வரும் தொற்றால். இந்தக் கேள்விக்கான பதிலை வெளியூர்க்காரன் தேடித் தரமாட்டான், அவனுக்கு அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை.

இப்போது நாலு லட்சம். புது மருந்து கண்டுபிடிக்க அது தூசு. ஆனால் இப்படி ஓர் ஆய்வு கவிழ்வது மருந்து இல்லாமல் அல்ல. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருடத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் புற்று வருகிறது. பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30-க்கும் கீழே. காரணம்: தாமதமாகக் கண்டுபிடிப்பது, தப்பாகக் கண்டுபிடிப்பது, பக்கவிளைவில் சாவது, மறுபடி வருவது, பாதியில் சிகிச்சையை விடுவது. நம் பணம் நேராகப் பிடிக்கக்கூடியது அந்தக் கடைசி ஒன்றை.

சிகிச்சை தொடர்ந்து 4 வாரம் அல்லது அதற்கு மேல் தவறினால் ‘கைவிட்டது’ என்று ஆய்வில் பதிவார்கள். அப்படிப் போன குழந்தை உயிரோடு இருக்கிறதா, நோய் திரும்பியதா, எதுவும் தெரியாது. நூறு குழந்தை சேர்ந்த ஆய்வில் பதினைந்து பேர் இப்படிப் போனால், 3 வாரமா 5 வாரமா என்ற கேள்விக்கு வந்த விடையை நம்ப முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர், சென்னை ஓர் இரவுப் பயணம். கடலுக்குப் போகிற அப்பா, வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளை. லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுக்கு சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல். முதல் ஆறேழு மாதம் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. பிறகு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம், பிள்ளை தெம்பாகி ஓடியாடும். அங்கேதான் விட்டுவிடுவார்கள்.

அந்தப் பராமரிப்புக் கட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு மாத்திரை: மெர்காப்டோப்யூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். மெர்காப்டோப்யூரின் மாத்திரை 50 மில்லிகிராமில்தான் சாதாரணமாகக் கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு 36 மில்லிகிராம் வந்தால் வாரத்துக்கு 252. அதை 3 நாள் முழு மாத்திரை, 4 நாள் அரை மாத்திரை என்று பிரித்துக் கொடுப்பார்கள் (உதாரணத்துக்குச் சொல்கிறேன், அளவு டாக்டர் சொல்வதுதான்). எந்த நாள் முழுசு, எந்த நாள் அரை என்று குழம்புவது சகஜம். அதைவிட மோசம், வாரம் ஒருநாள் மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடுவது. அது உயிருக்கே ஆபத்து. நம் நாட்டுக் குழந்தைகள் சிலருக்கு நட்-15 என்ற மரபணு மாற்றத்தால் சாதாரண அளவு மெர்காப்டோப்யூரினே தாங்காது, வெள்ளணு சரசரவென்று இறங்கும். இத்தனையையும் போனில் கூப்பிட்டு, ரத்த அணு எண்ணிக்கை கேட்டு, ஏட்டில் பதிய ஆள் வேண்டும். ஆய்வுச் செவிலியர், தரவுப் பதிவாளர் என்று அந்த இரண்டு வேலை. பெரிய மானியங்கள் கருவிக்கும் மருந்துக்கும் வரும். இவர்கள் சம்பளம் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வருவதற்குள் நின்றுபோகும். ஆள் மாறினால் அழைப்பு நிற்கும், பிள்ளை காணாமல் போகும்.

ஆக உங்கள் இரண்டு கட்சிக்கும் தனித்தனி விடை இல்லை. பிள்ளையைச் சிகிச்சையில் பிடித்து வைத்திருப்பதுதான் இங்கே ஆராய்ச்சிக்குச் செய்கிற பெரிய உதவி. ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து, ‘தொடர் கண்காணிப்புக்கும் தரவுப் பதிவுக்கும்’ என்று எழுதிப் பாதி, பயணம் தங்கல் சாப்பாட்டுக்குப் பாதி என்று கேளுங்கள்.

சரிபார்க்க: ஆய்வின் பெயரைக் கேட்டு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் 15 முதல் மனிதர் மேல் நடக்கும் சிகிச்சை ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் தேடலாம். எத்தனை மையம், யார் பொறுப்பு, நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் அதில் இருக்கும். எண் தராமல் ‘ஆராய்ச்சி நடக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அந்தப் பணம் பொது நிதியில் கலந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொது நிதி தப்பில்லை, ஆனால் நீங்கள் ஊரில் சொல்லி வாங்கியது வேறு.

இன்னொன்று. மெம்ஃபிஸில் இருக்கும் செயின்ட் ஜூட் ஆராய்ச்சி மருத்துவமனை வேறு, நம் நாட்டில் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் வேறு. பிந்தையதற்குச் சென்னையிலும் இல்லம் உண்டு. பெயரைப் பார்த்து ஒன்றென்று எண்ணி அனுப்பிவிடாதீர்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை_ராம்நாடு

மேலே சொன்னவர் மருத்துவத்தைப் பார்த்துக்கொண்டார், நான் ரசீதைப் பார்க்கிறேன். ஊர் வசூலில் தொண்ணூறு விழுக்காடு தகராறு ரசீதில்தான்.

சங்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் சங்கக் கணக்கில் பணம் வாங்கி மொத்தமாக அனுப்பாதீர்கள். அனுப்பினால் நிறுவனம் ரசீதைச் சங்கத்தின் பேரில்தான் போடும், கொடுத்த எவருக்கும் சலுகை கிடையாது. வரிச் சலுகை வேண்டுகிறவர்கள் (கமிஷன் கடை, சம்பளக்காரர்கள்) தங்கள் கணக்கிலிருந்து நேரே நிறுவனத்துக்கு அனுப்பி, பான் எண்ணும் முகவரியும் கொடுக்கட்டும். நீங்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

80ஜி-யில் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. பெரும்பாலான மருத்துவ அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 விழுக்காடுதான் கழியும். 10,000 கொடுத்தால் வருமானத்தில் 5,000 குறையும், 20 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 1,040 ரூபாய் மிச்சம். ‘பாதிப் பணம் திரும்பி வரும்’ என்று மேடையில் சொல்லாதீர்கள், வராது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இதுவும் இல்லை.

நிறுவனம் 35(1)(ii)-இன் கீழ் அறிவியல் ஆராய்ச்சிக்கு அனுமதி பெற்றிருந்தால் கதை வேறு. அங்கே 100 விழுக்காடு கழியும். தொழில் வருமானம் உள்ள படகு உரிமையாளர் அதே 35-இல் கேட்பார். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் 80ஜிஜிஏ-வில் கேட்பார். இதற்கும் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். ‘உங்களிடம் எந்த அனுமதி இருக்கிறது, 80ஜி-யா, 35-ஆ?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு, நான் இங்கே சொல்வது பழைய எண்கள். ரசீதில் பழைய எண், படிவத்தில் புது எண் என்று குழம்பாமல் அந்த வருட எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சலுகைக்கு ஆதாரம் நிறுவனம் கொடுக்கிற நன்கொடைச் சான்றிதழ் (பழைய சட்டத்தில் படிவம் 10பிஇ). வெறும் ரசீது போதாது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் தருவார்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் அது வேறு ஆள் பேரில் போய் நிற்கும்.

100 ரூபாய் டோக்கன் வசூலுக்கு வருகிறேன். பெயர் இல்லாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் வாங்குகிற அறக்கட்டளை 30 விழுக்காடு வரி கட்ட வேண்டிவரும். ஆகவே படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர், ஊர், தொகை, கையெழுத்து என்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று வையுங்கள். அடிக்கட்டையோடு எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம், எத்தனை புத்தகம் யார் கையில் என்று முதல் பக்கத்தில் குறிப்பு. வாரம் ஒருமுறை வங்கியில் கட்டுங்கள். சீசன் முடியட்டும் என்று பெட்டியில் வைத்தால் பேச்சு வரும்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் பலரும் வழுக்குவது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பளச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது ‘அந்நியப் பங்களிப்பு’ இல்லை, சாதாரண நன்கொடை. மலேசியா, சிங்கப்பூர், புருணைக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், அந்நியர்தான். அவர் பணம் உங்கள் சங்கக் கணக்கில் ஒரு ரூபாய்கூட விழக்கூடாது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள நிறுவனத்தின் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்கு அவரே நேராக அனுப்ப வேண்டும். வேறொரு டிரஸ்டில் வாங்கிக் கைமாற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அப்படிக் கைமாற்றுவதும் கூடாது. உண்டியல் (ஹவாலா) வழி வருகிற பணத்தைப் பற்றி நான் எழுதவே போவதில்லை, வாங்காதீர்கள்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கேட்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருந்தால்தான் அந்தக் கடமை. நம் பக்க இறால் கம்பெனிகளில் எது அந்த வரம்புக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டு, கேட்பதை நிறுவனமே கேட்கட்டும், சிஎஸ்ஆர்-1 பதிவு அவர்களிடம் இருக்க வேண்டும்.

பதில்: கீழக்கரை_வடக்குத்தெரு

ஜகாத் பற்றிச் சுருக்கமாக. ஜகாத் தகுதியுள்ள ஏழையின் கையில் உரிமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான ஆலிம்கள் நிலை. அதனால் தரவுப் பதிவாளர் சம்பளத்துக்கும் ஆய்வுக்கூடக் கருவிக்கும் ஜகாத்தைத் தொடாதீர்கள், அது சதக்காவாக (விருப்ப தானமாக) வரட்டும். ஏழைக் குடும்பத்தின் பயணம், வாடகை, சாப்பாட்டுக்கு ஜகாத் பொருந்தும், குடும்பத்தின் கையிலேயே கொடுத்தால் சரி. ரசீதுப் புத்தகத்தில் இரண்டு நிறம் வையுங்கள் பாய், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. முடிவுக்கு உங்கள் ஜமாத் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு எழுதும்போது இதையும் கவனியுங்கள்: சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 விழுக்காடு. ஆஸ்பத்திரி தருகிற ரயில்வே படிவத்தோடு கவுன்டரில் போய் எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஊர்ப் பணத்தை டிக்கெட்டுக்குக் கொட்டுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டிலும் வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. மருந்துச் செலவுக்கு முதலில் அதைக் கேளுங்கள். காப்பீடு கொடுக்காதது வாடகையும் சோறும் இழந்த கூலியும்.

பதில்: தட்டணு

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வசூலுக்கு ஆகாது, ரத்தத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஊர் ஆண்கள் கரையில் இருப்பார்கள்.

கீமோ நடக்கும் குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுவது தட்டணு (பிளேட்லெட், ரத்தத்தை உறையவைக்கிற அணு). அதன் ஆயுள் 5 நாள்தான், 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் வீண். அதனால் பெரிய முகாம் போட்டு 200 யூனிட் எடுத்துப் படம் பிடித்துப் போடுவதில் பிரயோஜனம் குறைவு. எடுக்கிற ரத்த வங்கியில் ரத்தத்திலிருந்து தட்டணுவைத் தனியே பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதைவிட மேல், 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள 30, 40 பேர் மதுரை ரத்த வங்கியில் அழைத்தால் வருகிற தட்டணுக் கொடையாளர்களாகப் பெயர் கொடுப்பது. 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், வருடத்துக்கு 24 முறை உச்ச வரம்பு. மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக்கூடாது. நம் தீவில் மலேரியா உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டும்: மலேரியா குணமாகி 3 மாதம் ஆகாமல் கொடுக்க முடியாது. பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாமலும் முடியாது. திருவிழாவில் குத்தியவர்கள் வந்து நின்று திரும்பிப் போவார்கள்.

அடுத்து, ரத்த மூலச்செல் (ஸ்டெம் செல்) கொடையாளர் பதிவேடு. சென்னையில் தாத்ரி என்ற பதிவேட்டில் கன்னத்தின் உள்புறம் பஞ்சு தடவி மாதிரி எடுப்பார்கள். நோய் திரும்பிய குழந்தைக்கு உறவில் பொருத்தம் இல்லையென்றால் வெளியார் பொருத்தம் தேட வேண்டும். அந்தப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் கிடைக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் பதிவேட்டில் இல்லையென்றால் கடற்கரைப் பிள்ளைக்குத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஆர்வத்தில் நூறு பேரைப் பதிய வேண்டாம். பொருத்தம் வந்தபின் ‘வீட்டில் வேண்டாங்கிறாங்க’ என்று பின்வாங்குவதுதான் இதில் நடக்கிற பெரிய கெடுதல். அந்த நேரம் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்திருந்தால் திரும்ப வழியே இல்லை. 5 நாள் ஊசி, பிறகு மூன்று நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டுச் செல்லைப் பிரிப்பது, எலும்பு வலி கொஞ்சம் இருக்கும் என்பதை வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்துச் சொல்லி, அதன்பின் சம்மதிக்கிற இருபது பேர் போதும்.

பாம்பன்_வடகடல்

ரொம்ப நன்றி. பாதிக்குப் பாதி என்று சங்கத்தில் வைக்கிறேன். நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? பிறகு ஃப்ளெக்ஸில் ஒரு குழந்தை படம் போடலாம் என்று பையன்கள் கேட்கிறார்கள்.

பதில்: தரவுத்தாள்

கடிதம் நாலு வரி போதும்:

‘இத்துடன் அனுப்பும் தொகையில் ரூ. ______ குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவில், சி.டி.ஆர்.ஐ. எண் ______ ஆய்வின் தொடர் கண்காணிப்பு, தரவுப் பதிவு வேலைக்கு மட்டும். ரூ. ______ ராமநாதபுரம் மாவட்டக் குழந்தைகளின் பயணம், தங்கல், உணவுக்கு. இது மூலதன நிதிக்கான நன்கொடை அல்ல, 12 மாதத்துக்குள் செலவிடப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கும், எத்தனை குழந்தைகள் கண்காணிப்பில் இருந்தனர், எத்தனை பேர் நான்கு வாரத்துக்கு மேல் வரவில்லை என்ற எண்ணிக்கையும் தர வேண்டுகிறோம்.’

‘மூலதன நிதி’ என்று தவறிப்போய் எழுதினால் அதை முதலீட்டில் போட்டு வட்டியைத்தான் செலவு செய்வார்கள். நாலு லட்சத்தின் ஒரு வருட வட்டி ஒரு செவிலியருக்கு ஓரிரு மாதச் சம்பளத்துக்கு மேல் வராது. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள், தரவும் மாட்டார்கள்.

ஃப்ளெக்ஸில் குழந்தை படம் வேண்டாம். சின்ன ஊர், எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரே நாளில் தெரிந்துவிடும், அது வளர்ந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்த இடத்தில் ஒரு கண்ணை வரைந்து போடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையை ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு கண்ணின் கருமணி மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால், அல்லது புதிதாக மாறுகண் வந்தால், அந்த வாரமே கண் டாக்டரிடம். கண்புரையாகவும் இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றாகவும் இருக்கலாம், எதுவானாலும் காட்ட வேண்டியதுதான். மதுரை அரவிந்த் பக்கம்தான், அங்கே சிகிச்சையும் உண்டு, அவர்கள் ஆராய்ச்சிப் பிரிவில் இந்த நோய்க்கான ஆர்பி-1 மரபணுப் பரிசோதனையும் உண்டு. ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் தம்பி தங்கைக்கும் பார்க்கச் சொல்வார்கள். கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டூடியோக்காரர்களிடம் அந்த ஃப்ளெக்ஸில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள், அந்த வெள்ளை மின்னலை முதலில் பார்ப்பது அவர்கள்தான். கணினியில் அதைக் கறுப்பாக்கிக் கொடுப்பதும் அவர்கள்தான்.